பொட்டலைப் பச்சையாக்கியவர்கள் போன பிறகு என்ன ஆகும்? செட்டிநாட்டுக்கு ஆரோவில், வானகம் சொல்லும் பாடம்

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு செட்டிநாடு தெரியும். ஒன்று, எல்லோரும் போட்டோ எடுக்கும் செட்டிநாடு: பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், நீண்ட முகப்பு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த கிராமங்கள் இவை. இன்னொன்று, ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் செட்டிநாடு: செம்மண் பொட்டல், சீமைக் கருவேலம், தண்ணீர் வராத கண்மாய், எல்லைக் கல் மட்டும் நிற்கும் தரிசு.

இந்த இரண்டாவது செட்டிநாட்டைப் பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. "ஐயா காலத்துல வாங்கின இடம் சும்மாதான் கிடக்கு, ஏதாவது காடு மாதிரி பண்ணலாமா?" என்று சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் 'பத்து வருடத்தில் பாலைவனம் சோலைவனம்' என்று ஏகப்பட்ட வீடியோக்கள்.

செத்த நிலத்தை உயிர்ப்பிக்க முடியுமா என்றால், முடியும். தமிழ்நாட்டிலேயே அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடியோக்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. காட்டை உருவாக்கியவர் போன பிறகு அந்தக் காடு யாருடையது? அதை யார் காப்பாற்றுவது? ஆரோவில் விவகாரத்தில் 2025 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது.

மழை பெய்யும் ஊர் எப்படிப் பொட்டல் ஆனது?

சிவகங்கை வறண்ட மாவட்டம் என்று பெயர் எடுத்தது. ஆனால் இங்கே மழையே இல்லை என்பது தப்பு. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கணக்குப் போட்டால், ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 36 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதாவது, 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 300 லோடு.

பிரச்சினை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில பலத்த மழைகளில் கொட்டிவிடுகிறது என்பதுதான். மண்ணை மூட மரமோ புல்லோ இல்லாத இடத்தில், மழைத்துளி அடித்து மேல்மண் இறுகிப்போகும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, ஓடும். ஓடும்போது மீதி இருக்கும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். கோடை வெயில் மண்ணில் இருக்கும் மக்கை எரித்துவிடும். முளைக்கும் கொஞ்சநஞ்சச் செடியை ஆடு மாடு மேய்ந்துவிடும். கடைசியில் கீழே இருக்கும் செம்புறாங்கல் வெளியே தெரியும். நிலம் ஒரே நாளில் சாவதில்லை; இப்படி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது.

இது தெரிந்துதான் பழைய செட்டிநாடு தண்ணீரைச் சுற்றியே ஊரைக் கட்டியது. ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவுக்குள் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போனது. ஊருணி நிரம்பினால் அடுத்த நீர்நிலைக்கு. வயலுக்குக் கண்மாய். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றதெல்லாம் வீண். குடும்பங்கள் வெளியூர் போய், வரத்துக்கால்கள் தூர்ந்து, கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் ஏறியபோது அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்தது.

பச்சையாக இருந்தால் போதுமா?

போதாது. இதற்குச் செட்டிநாடே சாட்சி. சீமைக் கருவேலம் பச்சைதான். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த இந்த மரம், விறகுக்காகப் பரப்பப்பட்டு, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களை மூடிவிட்டது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

ஆனால் ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிட்டு அப்படியே போட்டால், அடுத்த மழைக்கு விதையும் வேரும் திரும்ப முளைக்கும். இன்னொரு பக்கம், கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அதுதான் வருமானம். பிடுங்கிய இடத்தில் என்ன வரப்போகிறது, யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், கரி மூட்டத்துக்குப் பதில் என்ன வேலை என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் நிலம் திரும்பாது.

தைலமரமும் இதே கதைதான். புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் வனத்துறை நிலங்களில் தைலமரம் பெரிய அளவில் வளர்க்கப்பட்டது. மரங்களுக்காகப் போட்ட கரைகள் கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கின்றன என்பது விவசாயிகளின் நீண்டநாள் புகார். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. ஆனால் அதன் கீழே இருக்கும் கண்மாய் காய்ந்து கிடக்கும்.

ஆரோவில்லில் என்ன செய்தார்கள்?

பொட்டலைக் காடாக்கிய சமூகம் என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஆரோவில். புதுச்சேரிக்குப் பக்கத்தில், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் பெரும்பகுதி இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு இந்த நகரம் தொடங்கப்பட்டது. கனவு கண்டவர் 'ஸ்ரீ அன்னை' எனப்படும் மிர்ரா அல்ஃபாசா. அப்போது அவருக்கு வயது 90. 50,000 பேர் வாழும் உலக நகரம் என்பது திட்டம். வரைபடம் தந்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே.

வரைபடத்தில் நகரம் இருந்தது. தரையில் இருந்தது செம்மண் பொட்டல். மழைக்கு மழை மேல்மண் ஓடைகளில் இறங்கி வங்கக் கடலைச் சிவப்பாக்கியது. வந்து சேர்ந்த முதல் தலைமுறைக்கு ஒன்று புரிந்தது: நிழலும் தண்ணீரும் இல்லாமல் நகரம் வராது. அதனால் நகரத்துக்கு முன்னால் காட்டை ஆரம்பித்தார்கள்.

அவர்கள் செய்த வரிசை முக்கியம். இன்றைக்கும் எந்தப் பொட்டலுக்கும் இது பொருந்தும்.

* முதலில் தண்ணீரை நிறுத்தினார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு, ஓடைகளில் தடுப்பணை, தாழ்வான இடத்தில் குளம்.
* அடுத்து மேய்ச்சலைத் தடுத்தார்கள். வேலி, உயிர்வேலி, காவல்.
* மூன்றாவதாக, எதையும் தாங்கும் முன்னோடி மரங்களை வைத்தார்கள். ஆஸ்திரேலிய வகை அக்கேசியா போன்றவை வேகமாக வளர்ந்து நிழலும் இலைச்சருகும் தந்தன. மண்ணில் மக்கு சேர்ந்தது.
* கடைசியாகத்தான் இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் வந்தன. வீரை, பாலை, காசான், நாவல் என்று சோழமண்டலக் கரையோரத்துக்குச் சொந்தமான உலர் பசுமைமாறாக் காட்டின் இனங்கள்.

இந்தக் கடைசிப் படிக்கு விதை எங்கிருந்து கிடைத்தது என்பதில்தான் நமக்கான சேதி இருக்கிறது. கிராமத்துக் கோயில் காடுகளிலிருந்து. ஐயனார் கோயிலைச் சுற்றி, 'சாமி காடு, வெட்டக் கூடாது' என்று ஊர் விட்டுவைத்த சின்னச் சின்னத் திட்டுகள்தான் அழிந்துபோன காட்டின் விதைப் பெட்டியாக இருந்தன. வெளிநாட்டவர் வந்து காடு வளர்த்தார்கள் என்ற கதையில் இந்தப் பகுதி விட்டுப்போகும். குழி வெட்டி, வரப்புப் போட்டு, கன்றுக்குத் தண்ணீர் சுமந்த சுற்றுக் கிராமத் தமிழர்களின் உழைப்பும் அப்படியே விட்டுப்போகும்.

பிறகு ஏன் சண்டை வந்தது?

அன்னை 1973 நவம்பரில் காலமானார். நகரம் தொடங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. நிலமும் நிதியும் யார் கையில் என்பதில் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்போருக்கும் மோதல் வந்தது. 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1988-ல் நாடாளுமன்றம் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டத்தை இயற்றியது. நிர்வாகக் குழு, குடியிருப்போர் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு என்று மூன்று அமைப்புகள் வந்தன.

2021 டிசம்பரில் பழைய கேள்வி புது வடிவில் வந்தது. வரைபடத்தில் இருந்த வட்டவடிவ 'கிரவுன் ரோடு'க்காக, காடாக வளர்ந்திருந்த பகுதிக்குள் ஜேசிபிகள் நுழைந்தன. குடியிருப்போரில் ஒரு பகுதியினர் குறுக்கே நின்றார்கள்.

இரண்டு தரப்புக்கும் வாதம் இருக்கிறது. ஃபவுண்டேஷன் தரப்பில் சொல்வது: 'இது காடு வளர்க்க வாங்கிய இடமில்லை. 50,000 பேருக்கான நகரம். ஐம்பது வருடமாகியும் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அன்னை ஒப்புக்கொண்ட வரைபடத்தைத்தான் நிறைவேற்றுகிறோம்.' எதிர்த்தவர்கள் சொல்வது: 'நகரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஐம்பது வருடத்தில் வளர்ந்த மரத்தையும் நீர்வழியையும் பார்த்து, சாலையைக் கொஞ்சம் வளையுங்கள் என்கிறோம்.'

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெறச் சொன்னது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆரோவில் மாஸ்டர் பிளானுக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கிறது, இதில் தீர்ப்பாயம் தலையிட்டிருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். சுத்தமான சூழலுக்கான உரிமை போலவே வளர்ச்சிக்கான உரிமையும் இருக்கிறது, இரண்டையும் சமன்செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு சரியா தப்பா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொட்டலைப் பச்சையாக்க நினைக்கும் எவரும் கவனிக்க வேண்டியது இதுதான்: மரம் வளர்த்தவரின் உழைப்பு சட்டத்தின் கண்ணில் தானாக உரிமை ஆகிவிடாது. காகிதத்தில் அந்த இடம் என்னவாக இருக்கிறதோ அதுதான் எடுபடும். ஐம்பது வருடம் காடாக நின்றாலும், வரைபடத்தில் சாலை என்றிருந்தால் அது சாலைக்கான இடம்தான்.

நம்மாழ்வார் வேறு எதை விட்டுப்போனார்?

ஆரோவில் விவசாயிகளோடு நெருங்கிப் பழகியவர் கோ.நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்து, விவசாயம் படித்து, 1960-களின் தொடக்கத்தில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரி விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று வேலையை விட்டார். பிறகு களக்காட்டில் தொண்டு நிறுவனப் பணி, 'குடும்பம்' அமைப்பு என்று அவர் பாதை போனது.

செட்டிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம், புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் 'குடும்பம்' உருவாக்கிய கொழுஞ்சிப் பண்ணை. அதே செம்மண், அதே மழை, அதே வெயில். பெயரே பாடம்தான். கொழுஞ்சி என்பது பொட்டலில் தானாக முளைக்கும் செடி. ஆடு மாடு அதை விரும்பி மேயாது. வேரில் காற்றுத் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளப்படுத்தும்; மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், நிலத்திலேயே கிடக்கும் உயிரைப் பிடித்து நிலத்தை மீட்பது என்ற அவரது யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பிற்காலத்தில் கரூர் மாவட்டம் கடவூர் பக்கம், சுருமான்பட்டியில் வறண்ட கல்லங்காட்டில் 'வானகம்' தொடங்கினார். மழைநீர் அறுவடைக் குழிகள், மூடாக்கு, பலவகை மரங்கள் என்று அங்கே செய்ததும் அதேதான். ஆனால் வானகத்தின் முக்கிய விளைச்சல் மரம் அல்ல, ஆட்கள். அங்கே பயிற்சி எடுத்த இளைஞர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் பண்ணை ஆரம்பித்தார்கள். 2013 டிசம்பர் 30 அன்று, காவிரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோது பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானார். வானகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பயிற்சிகள் நிற்கவில்லை.

இங்கே வித்தியாசம் தெரிகிறதா? ஒரே இடத்தில் பெரிதாகக் கட்டினால், அந்த இடத்துக்கான சண்டையில் எல்லாம் மாட்டிக்கொள்ளும். வித்தையை நூறு பேரிடம் கொடுத்துவிட்டால், ஒரு இடம் போனாலும் தொண்ணூற்றொன்பது நிற்கும்.

செட்டிநாட்டுக்கு முன்னோடிகள் இல்லையா?

இருக்கிறார்கள். அவர்களை நாம் இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்கு வெளியே கல்வி நகரத்தை எழுப்பினார். 1947-ல் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக, அதாவது நம்ம ஊர் பேச்சில் 'சிக்ரி'க்காக, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் சிக்ரி திறக்கப்பட்டது. 1957-ல், 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு அவர் இறந்தார். ஆனால் எதுவும் நிற்கவில்லை. காரணம், உயிரோடு இருக்கும்போதே நிலத்தைத் தன் பெயரிலிருந்து நிறுவனங்களின் பெயருக்கு மாற்றிவிட்டார்.

அடுத்தவர் குன்றக்குடி அடிகளார். 1952-ல் ஆதீனத்தின் பொறுப்பை ஏற்றவர். 1970-களின் பிற்பகுதியில், ஒரு மடாதிபதி செய்யாத காரியத்தைச் செய்தார். குன்றக்குடிக்கு என்று தனியாக ஒரு கிராமத் திட்டம் போட்டார். ஊரில் என்ன நிலம், என்ன தண்ணீர், எத்தனை கை சும்மா இருக்கிறது என்று கணக்கெடுத்து, பக்கத்திலேயே இருந்த சிக்ரி விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்து, கூட்டுறவு முறையில் தொழில்களைத் தொடங்கினார். இந்தக் 'குன்றக்குடி மாதிரி' தேசியத் திட்டக் குழுவின் கவனம் வரை போனது.

அழகப்பர் கொடுத்த நிலத்தில் முளைத்த விஞ்ஞானம், அடிகளார் கையால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. பொட்டலை மீட்பது என்பது மரக்கன்றோடு முடியும் விஷயம் இல்லை என்பதை அடிகளாரின் திட்டம் காட்டுகிறது. நிலத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு அதில் சோறு இருந்தால்தான் அவர்கள் அதைக் காப்பாற்றுவார்கள். இல்லையென்றால் வேலி பிரியும், ஆடு நுழையும், விறகு போகும். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நிறுவனரே இல்லாத ஒரு ஊர்

இதே திருப்பத்தூர் வட்டாரத்தில், எந்தத் தலைவரின் பெயரும் இல்லாத ஒரு வெற்றிக் கதை இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977-ல் சரணாலயம் ஆனது.

கண்மாய்க்கு வரும் கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர்க் குழந்தைகளுக்கு இது தண்டனையாகத் தெரிவதில்லை. 'எங்க ஊர்ல அப்படித்தான்' என்று சொல்லும் பெருமை. தீபாவளி சமயத்தில் வனத்துறையினர் இனிப்போடு போய் நன்றி சொல்வது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

இங்கே சட்டமும் இருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடும் இருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு காலம் நின்றிருக்காது.

சட்டத்தில் என்ன வழி இருக்கிறது?

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இதைப் புரிய வைக்கும். பிரேசிலைச் சேர்ந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் செபஸ்தியோ சல்காடோவும் மனைவி லீலியாவும், பெற்றோரிடமிருந்து வந்த மாட்டுப் பண்ணை பொட்டலாகிக் கிடப்பதைப் பார்த்து, 1998-ல் அதைக் காடாக்க ஆரம்பித்தார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் நடப்பட்டன. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை, மரம் பெரிதாகும் வரை காத்திருக்காமல், தொடக்கத்திலேயே நிலத்தைத் தனியார் இயற்கைப் பாரம்பரியக் காப்பகமாக அறிவிக்க வைத்ததுதான். பிரேசில் சட்டப்படி அந்தத் தகுதி நிரந்தரம். நிலம் வாரிசுக்குப் போனாலும், விற்கப்பட்டாலும் மாறாது. சல்காடோ 2025 மே மாதம் காலமானார். காடு யாருடையது என்ற கேள்விக்கு அவர் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருந்தார்.

இந்தியாவில் இதற்கு நெருக்கமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

* சமூகக் காப்பகம்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் மூலம் வந்தது. தனிநபரோ ஊர்ச் சமூகமோ தானாக முன்வந்து பாதுகாக்கும் நிலத்தை மாநில அரசு இப்படி அறிவிக்கலாம். அதன்பின் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது.
* பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்: 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு அறிவிப்பது.

இரண்டாவது வழிக்கு உதாரணம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளிவந்தது. கிராமங்கள் கொதித்தன, மதுரை வரை பேரணி போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்புப் பலகை மட்டும் சுரங்கத்தைத் தடுத்திருக்காது. அதே நேரம், அந்த அறிவிப்பு இல்லாமல் இருந்திருந்தால் மக்களின் வாதத்துக்கு அவ்வளவு வலு கிடைத்திருக்காது.

சரி, செட்டிநாட்டில் தொடங்க நினைப்பவர் என்ன செய்யலாம்?

முதல் சிக்கல் மண் இல்லை, பட்டா. பல குடும்பங்களில் நிலம் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. பங்காளிகள் நாலு நாட்டில். இன்று ஒருவர் உற்சாகத்தில் கன்று வைத்தால், பத்து வருடம் கழித்து இன்னொருவர் பங்கை விற்கும்போது காடு மனையாகிவிடும். ஆகவே,

* கன்றுக்கு முன் காகிதம். பங்காளிகள் ஒப்புதல், டிரஸ்ட் அல்லது நீண்டகாலக் குத்தகை ஏதாவது ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். அழகப்பர் செய்தது இதைத்தான்.
* மரத்துக்கு முன் தண்ணீர். முதல் வருடம் வரப்பும் குழியும் மட்டும் போட்டாலே போதும். ஆனால் கண்மாய்க்குப் போகும் வரத்தை மறிக்கக் கூடாது. உங்கள் காடு கீழே இருப்பவரின் வயலைக் காயவைக்கக் கூடாது. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது.
* நர்சரிக்கு முன் கோயில் காடு. ஐயனார் கோயிலைச் சுற்றி என்ன மரம் நிற்கிறதோ, அதுதான் அந்த மண்ணின் பட்டியல்.
* வேலிக்கு முன் பேச்சு. உங்களுக்கு அது சும்மா கிடக்கும் இடம். ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல், கரி போடுபவருக்கு வருமானம். ரெவென்யூ பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதியிருப்பதால் அது யாருக்கும் பயன்படாத இடம் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கான இடத்தையும் வேலையையும் திட்டத்திலேயே வைக்க வேண்டும்.

அரசுத் தரப்பிலும் காலம் சாதகமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கை வைத்திருக்கிறது. ஆனால் இலக்கு எண்ணிக்கையில் இருக்கும் வரை, நட்ட கன்றுக்குத்தான் கணக்கு இருக்கும். பத்தாம் வருடம் நிற்கும் மரத்துக்கு இருக்காது. அந்தக் கணக்கை ஊர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக...

தரிசை மீட்ட கதைகளில் எப்போதும் ஒரு முகம் முன்னால் நிற்கும். அது நியாயம்தான். யாரோ ஒருவர் பொட்டலைப் பார்த்து 'இது காடாகும்' என்று முதலில் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் மேலே பார்த்த ஊர்களை அளக்க வேண்டியது அந்த முகத்தை வைத்து அல்ல; அந்த முகம் மறைந்த பிறகு என்ன நடந்தது என்பதை வைத்து. ஆரோவில்லில் மரங்கள் நின்றன, உடன்பாடு நிற்கவில்லை. வானகத்தில் ஆட்கள் நின்றார்கள். காரைக்குடியில் நிறுவனங்கள் நின்றன. கொள்ளுக்குடிப்பட்டியில் பழக்கம் நின்றது.

அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, சும்மா கிடக்கும் அந்த இடத்தை ஒருதரம் நடந்து பார்க்கலாம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்துக் கோயில் காட்டில் என்ன மரம் நிற்கிறது, யாருடைய ஆடு அங்கே மேய்கிறது, பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது. இந்த நான்கும் தெரிந்த பிறகு கன்று வாங்கினால் போதும்.